பவுன்ஸ் ரேட்: வந்தவர் ஏன் போனார் என்பது அந்த எண்ணில் இல்லை

2021-ல் ஒருநாள், சமையல் குறிப்புத் தளம் நடத்தும் என் தோழி பதற்றத்தோடு போன் செய்தாள். அவளுடைய தளத்தைப் பராமரிக்கும் நிறுவனம் மாத அறிக்கை அனுப்பியிருந்தது, அதில் சிவப்பு எழுத்தில் 'பவுன்ஸ் ரேட் 84%' என்று ஒரு வரி. "நூறு பேர் வந்தா எண்பத்திநாலு பேர் பிடிக்காம ஓடிடறாங்களாம்" என்றாள். அறிக்கையிலேயே மருந்தும் எழுதியிருந்தார்கள்: ஒரே பக்கத்தில் இருக்கும் குறிப்பை மூன்றாக வெட்ட வேண்டும், பொருட்கள் ஒரு பக்கம், செய்முறை அடுத்த பக்கம், டிப்ஸ் மூன்றாவது பக்கம். அவளும் வெட்டினாள். எண் மளமளவென்று இறங்கியது. கூடவே வாசகர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன, கையெல்லாம் மாவாக இருக்கும்போது அடுத்த பக்கத்தை எப்படித் தட்டுவது என்று.

இந்த மாதிரிக் கதையை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பவுன்ஸ் ரேட் என்றாலே 'பிடிக்காமல் போனவர்களின் சதவீதம்' என்று எல்லோரும் பேசுகிறார்கள், அதை வைத்து முடிவெடுக்கிறார்கள், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பக்கங்களைக் கெடுக்கிறார்கள். அந்த எண் எதைக் கணக்கிடுகிறது என்பதை முதலிலிருந்து பார்த்துவிடலாம். கணக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மருந்துக்கடையும் பட்டுப்புடவைக் கடையும்

மருந்துக்கடைக்கு ஒருவர் வருகிறார். மாத்திரை பெயரைச் சொல்கிறார், ஒரு அட்டை வாங்குகிறார், காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். மொத்தம் 2 நிமிடம். பக்கத்தில் பட்டுப்புடவைக் கடை. அங்கேயும் ஒருவர் நுழைகிறார், கீழ்த்தளத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறார், வெளியே வந்துவிடுகிறார். அதுவும் 2 நிமிடம்தான். எதிர்ச்சாரியில் நின்று கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. மருந்துக்கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தது, புடவைக்கடைக்காரருக்கு நடக்கவில்லை.

இணையதளத்திலும் இதேதான். ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று தேடி வந்தவர் அளவைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் மருந்துக்கடைக்கு வந்தவர். அவரை இன்னும் நாலு பக்கம் சுற்றவைக்க வேண்டும் என்று நினைப்பது, மாத்திரை வாங்க வந்தவரை மாடிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புவது போல.

யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள்

1990-களில் தளம் வைத்திருந்தவர்கள் 'ஹிட்' என்று பேசிக்கொள்வார்கள். தளம் இருக்கும் கணினியான சர்வர், யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். அந்த ஒவ்வொரு வரியும் ஒரு ஹிட். ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால், ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை திறந்தாலும் 21 ஹிட். 'எங்கள் தளத்துக்கு லட்சம் ஹிட்' என்ற அந்தக் காலத்துப் பெருமையை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு முறை மாறியது. இப்போது பக்கத்துக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் துண்டை வைத்துவிடுகிறார்கள், அதன் பெயர் டேக். பக்கம் திறந்ததும் உங்கள் பிரவுசர் அந்த டேகை இயக்கும், அது 'இந்தப் பக்கம் இத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது' என்று கணக்கெடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். கூகுள் 2005-ல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸைத் தொடங்கியதும் இந்த வேலை இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது, உலகமெங்கும் பரவியது. விளம்பர இணைப்புகளின் வாலில் 'யுடிஎம்' என்று தொங்குகிறதே, அதில் உள்ள யு அந்த அர்ச்சினின் முதல் எழுத்து.

முன்பு வந்தவர்தான் இவர் என்று அடையாளம் தெரிய பிரவுசரிடம் ஒரு டோக்கன் கொடுத்து வைப்பார்கள். அதுதான் குக்கி, 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கியது. மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுப்பார்களே, அது மாதிரி. அடுத்த தடவை சீட்டைக் காட்டினால் பழைய ஆள், காட்டாவிட்டால் புது ஆள்.

இன்னும் ஒரே ஒரு சொல், செஷன். ஒருவர் வந்தது முதல் போனது வரை ஒரு செஷன். தமிழில் வருகை என்றே சொல்லலாம். அவர் எப்போது போனார் என்று தெரியாதே? அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: 30 நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் அந்த வருகை முடிந்தது. பாதி படித்துவிட்டுச் சாப்பிடப் போய் 40 நிமிடம் கழித்து வந்து அடுத்த பக்கத்தைத் தட்டினீர்கள் என்றால், ஆள் ஒருவர், வருகை இரண்டு.

சுருக்கமாக: கணக்கெடுப்பவர் ஆட்களைப் பார்ப்பதில்லை. பிரவுசர் அனுப்பும் செய்திகளை மட்டும் பார்க்கிறார். செய்தி வராத நேரத்தில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

வெளிவாசலில் ஆள் இல்லாத பொருட்காட்சி

சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் பொருட்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரங்கின் நுழைவிலும் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் உள்ளே போகும்போது நேரத்தை எழுதிக்கொள்கிறார். வெளிவாசலில் மட்டும் யாரும் இல்லை.

நீங்கள் 6 மணிக்கு முதல் அரங்கில் நுழைகிறீர்கள், 6.10-க்கு இரண்டாவதில் நுழைகிறீர்கள். முதல் அரங்கில் 10 நிமிடம் இருந்தீர்கள் என்று நோட்டை வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டாவது அரங்கில் எவ்வளவு நேரம்? அடுத்த பதிவு இல்லை, அதனால் சொல்ல வழியில்லை. சரி, ஒருவர் ஒரே ஒரு அரங்குக்கு வந்து அங்கே அரைமணி நேரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ரசித்து, வீட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். நோட்டில் ஒரே பதிவு. அவர் செலவிட்ட நேரம்: 0.

பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் பொதுவாக இப்படித்தான் வேலை செய்தது. ஒரு வருகையில் ஒரே ஒரு செய்தி மட்டும் வந்தால் அது பவுன்ஸ். மொத்த வருகைகளில் அப்படிப்பட்டவை எத்தனை சதவீதம் என்பதே பவுன்ஸ் ரேட். 2 விநாடியில் முகம் சுளித்துப் போனவரும் பவுன்ஸ், 12 நிமிடம் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போனவரும் பவுன்ஸ், இருவருக்கும் வருகை நேரம் 0 விநாடி. என் தோழியின் 84%-ல் இந்த இரண்டு வகையும் கலந்து கிடந்தது. 'பிடிக்காமல்' என்ற சொல் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை, அதை நாம் சேர்த்துக்கொண்டோம்.

எண் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதும் ஆபத்துதான். பவுன்ஸ் ரேட் வெறும் 2% என்று ஒரு தளம் காட்டினால், பெரும்பாலும் அங்கே டேகைத் தவறுதலாக இரண்டு தடவை வைத்திருப்பார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் இரண்டு செய்தி போகும், ஆகவே யாருமே பவுன்ஸ் ஆக மாட்டார்கள்.

2023-ல் கணக்கே மாறியது

2023 ஜூலை 1-ம் தேதி பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் புதுத் தரவுகளை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. அதன் இடத்தில் வந்தது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4. இதில் பவுன்ஸ் ரேட் என்ற பெயர் அப்படியே இருக்கிறது, அர்த்தம் வேறு.

ஜிஏ4 முதலில் 'ஈடுபாடுள்ள வருகை' எது என்று பார்க்கிறது. மூன்றில் ஒன்று நடந்தால் போதும்: 10 விநாடிக்கு மேல் இருந்தது, இரண்டு பக்கமாவது பார்த்தது, அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயலை, ஆர்டர் போடுவதையோ படிவம் நிரப்புவதையோ, செய்தது. இந்த மூன்றில் எதுவுமே நடக்காத வருகைதான் இப்போது பவுன்ஸ். அந்தப் பக்கம் திரையில் முன்னால் இருந்த நேரத்தையும் பிரவுசர் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறது. வெளிவாசலில் ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம், அவர் எல்லோரையும் பிடித்துவிடுவதில்லை என்றாலும்.

இதனால் ஒரு குழப்பம் வந்தது. அதே வாசகர்கள், அதே பக்கங்கள், ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பல தளங்களில் பவுன்ஸ் ரேட் தடாலென்று விழுந்தது. '2022-ல் இருந்ததைவிட இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டோம்' என்று அதைக் காட்டி அறிக்கை எழுதினால் அது முழுத் தவறு. படியில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் அருகருகே எழுதி ஒப்பிடுவதற்குச் சமம்.

கன்னியாகுமரியில் எல்லோரும் இறங்கத்தான் செய்வார்கள்

பவுன்ஸ் ரேட்டோடு எப்போதும் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு எண் எக்ஸிட் ரேட். ஒரு பக்கம் எத்தனை தடவை பார்க்கப்பட்டதோ, அதில் எத்தனை தடவை அதுவே கடைசிப் பக்கமாக இருந்தது என்பதுதான் அது.

சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் போகிறது. கன்னியாகுமரியில் எல்லோரும் இறங்கினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். விழுப்புரத்தில் ரயிலில் பாதி காலியாகிவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. 'உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது, நன்றி' என்ற பக்கம் கன்னியாகுமரி. முகவரி நிரப்பும் பக்கம் விழுப்புரம். எழும்பூரில் ஏறி, வண்டி நகருமுன்பே இறங்கிவிடுகிறார்களே, அவர்களைத்தான் பவுன்ஸ் ரேட் எண்ணப் பார்க்கிறது.

சரி, உண்மையிலேயே ஏன் போகிறார்கள்?

வந்த வேலை முடிந்தது என்பது முதல் காரணம், அதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, வாழ்க்கை குறுக்கிட்டது: போன் வந்தது, பஸ் நிறுத்தம் வந்தது, குழந்தை அழுதது. இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

மற்றவற்றுக்கு வருவோம். 2010-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வலைப்பக்கங்களில் மக்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பக்கங்களில் ஒரே போக்கு தெரிந்தது. புதிதாக வாங்கிய மிக்ஸி பழுதுள்ளதாக இருந்தால் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், அதைத் தாண்டிவிட்டால் பல வருடம் உழைக்கும் இல்லையா? வாசகரும் அப்படித்தான். கிளம்பிவிடும் வாய்ப்பு முதல் சில விநாடிகளில்தான் மிக அதிகம், அதைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு விநாடிக்கும் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆக, பக்கத்தின் நடுவில் என்ன அற்புதம் எழுதியிருந்தாலும், முதல் திரையில் தெரிவதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார்.

அந்த முதல் விநாடிகளில் அவர் மனதில் ஒரே கேள்விதான்: நான் தேடி வந்தது இங்கே இருக்கிறதா? 'இட்லி மாவு புளிக்கவில்லையா? 3 வழிகள்' என்ற தலைப்பைத் தட்டி வருகிறார். திறந்தால் இட்லியின் வரலாறு, பாட்டி வீட்டு ஆட்டுக்கல், மழைக்கால நினைவுகள். எழுதியவருக்கு அது பிரியமான பகுதிதான், எனக்கும் புரிகிறது. ஆனால் அவருக்கு நாளைக் காலை டிபனுக்கு மாவு வேண்டும். தலைப்பு கொடுத்த வாக்கைப் பக்கம் காப்பாற்றவில்லை என்றால் அவர் போய்விடுவார், போவதுதான் நியாயம். என் அனுபவத்தில் மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதுதான் அதிகம்.

அடுத்தது வேகம். கூகுளின் டபுள்கிளிக் என்ற விளம்பரப் பிரிவு 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மொபைலில் பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் எடுத்தால் 53% வருகைகள் கைவிடப்பட்டன. இப்போது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், திரையில் தெரியும் மிகப்பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது. தமிழ்த் தளங்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. தனி எழுத்துருவை இறக்கிக் காட்டும் தளங்களில், அந்தக் கோப்பு வந்து சேரும் வரை பல பிரவுசர்கள் 3 விநாடி வரை எழுத்தையே காட்டாமல் வெறும் வெள்ளையாக வைத்திருக்கும். முதலில் போனில் இருக்கும் எழுத்துருவில் காட்டிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், பலர் சொல்வதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்ததும், அதை இறக்காதவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கல் மட்டும் தெரிந்ததும் நினைவிருப்பவர்களுக்கு இந்த வலி புரியும்.

வேகம் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டேகும் பக்கத்தோடு சேர்ந்துதான் இறங்குகிறது. அது இறங்குவதற்குள் ஒருவர் வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டால், அவர் பவுன்ஸ்கூட இல்லை. அவர் வந்ததற்கே பதிவு கிடையாது. மிகவும் மெதுவான பக்கம் தன் மோசமான விளைவைத் தானே மறைத்துவிடுகிறது.

இதன் மறுபக்கத்தை யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் சக்கரியாஸ் 2012-ல் எழுதினார். வீடியோ பார்க்கும் பக்கம் 1.2 எம்பி கனமாக இருந்தது, அதை 98 கேபி ஆகக் குறைத்தார்கள். பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையும் என்று எதிர்பார்த்தால், கூடியிருந்தது. நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற பகுதிகளிலிருந்து புதிதாக ஏராளமானோர் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குப் புதுப் பக்கமே திறக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆனது, பழைய பக்கமோ 20 நிமிடம் எடுத்திருக்கும், அதனால் முன்பு அவர்கள் கணக்கிலேயே இல்லை. பக்கம் நன்றாக ஆனது, எண் மோசமாகத் தெரிந்தது.

அப்புறம், படிக்க ஆரம்பித்ததும் திரையை மூடும் பெட்டிகள். அறிவிப்பு அனுப்பலாமா, மின்னஞ்சல் கொடுங்கள், செயலியை இறக்குங்கள். ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே விளம்பரம் வந்து உட்கார்ந்து எழுத்தைக் கீழே தள்ளுவது, அதனால் விரல் வேறெங்கோ பட்டு வேறு பக்கம் திறப்பது. இதெல்லாம் எல்லோரும் அனுபவிப்பதுதான், விளக்கம் தேவையில்லை.

இதுவரை பார்த்தது: போவதற்குக் காரணம் பல, அவற்றில் சில நல்லவை. எண் அவற்றைப் பிரித்துச் சொல்லாது. பிரிப்பது நம் வேலை.

எப்படிப் பிரிப்பது

தளம் முழுவதற்குமான ஒரே பவுன்ஸ் ரேட்டை முதலில் மறந்துவிடுங்கள். கொதிக்கும் சோற்றுப்பானையின் சூட்டையும் ஃப்ரிட்ஜின் குளிரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணை வைத்து யாரும் சமைக்க மாட்டார்கள். ஒரே மாதிரியான பக்கங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், ரசக் குறிப்பை சாம்பார்க் குறிப்போடு, முகப்புப் பக்கத்தோடு அல்ல. வித்தியாசமாக ஒரு பக்கம் நின்றால் அதைத் திறந்து பாருங்கள்.

பிறகு, எங்கிருந்து வந்தார்கள் என்று பிரியுங்கள். கூகுளில் தேடி வந்தவர்கள் தங்கிவிடுகிறார்கள், ஃபேஸ்புக் விளம்பரத்திலிருந்து வந்தவர்கள் நிற்பதே இல்லை என்றால், கோளாறு பக்கத்தில் இருக்க வாய்ப்பு குறைவு, விளம்பரம் ஏதோ வேறு வாக்கு கொடுத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 'டைரக்ட்' என்று காட்டப்படுபவர்கள் எல்லோரும் முகவரியைத் தாங்களே தட்டி வந்தவர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் வந்த இணைப்பைத் தட்டினால், எங்கிருந்து வந்தோம் என்ற தகவல் பெரும்பாலும் கூட வராது, அவர்களும் இந்தப் பெட்டியில்தான் விழுவார்கள். நம் ஊர்த் தளங்களில் இந்தக் கூட்டம் பெரிது.

போனில் வந்தவர்கள், கணினியில் வந்தவர்கள் என்றும் பிரித்துப் பாருங்கள். போனில் மட்டும் மோசம் என்றால், விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். எந்த அறிக்கையும் கற்றுக்கொடுக்காததை அது ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுக்கும். முடிந்தால் தளத்தைப் பார்த்தே இராத நாலைந்து பேரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால் ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். போன வாரம் வந்த 10 பேரில் 7 பேர் போனார்கள், இந்த வாரம் 5 பேர் என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஆயிரக்கணக்கில் வந்தாலும் எல்லோரும் கணக்கில் விழுவதில்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பலருக்கு டேக் இயங்காது. சஃபாரி பிரவுசர் 2019 முதல் இந்த வகைக் குக்கிகளை 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை, 10 நாள் கழித்து வரும் பழைய வாசகரும் அங்கே புது ஆள்தான். போனிலும் லேப்டாப்பிலும் பார்ப்பவர் இரண்டு பேர். அனலிட்டிக்ஸ் எண்களைத் துல்லியமான கணக்காக எடுத்துக்கொள்ளாமல், கூடுகிறதா குறைகிறதா என்று போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்துவது நல்லது.

தோழியின் இட்லி மாவு

மூன்றாக வெட்டிய குறிப்புகளைத் தோழி மறுபடி ஒரே பக்கமாகச் சேர்த்துவிட்டாள். ஜிஏ4 வந்தபின் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, மாவு புளிக்காத விஷயத்தைப் பற்றிய பக்கம் மட்டும் தனியாக நின்றது. மற்றக் குறிப்புகளைவிட அங்கே 10 விநாடிக்குள் போகிறவர்கள் மிக அதிகம், போனில் இன்னும் அதிகம். திறந்து பார்த்தால் பதில் எட்டாவது பத்தியில் இருந்தது. அதைத் தூக்கி முதல் திரைக்குக் கொண்டுவந்தாள், பாட்டியின் ஆட்டுக்கல்லைக் கீழே இறக்கினாள், பதிலுக்கு அடியில் 'இது உதவியதா?' என்று ஆம், இல்லை பொத்தான்கள் வைத்தாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தில் செலவாகும் சராசரி நேரம் குறைந்தது. பக்கத்தின் 90% வரை உருட்டிப் பார்த்தவர்களும் குறைந்தார்கள். பவுன்ஸ் ரேட் கொஞ்சம்தான் இறங்கியது. 'ஆம்' பொத்தானை அழுத்தியவர்கள் மட்டும் வாரா வாரம் கூடிக்கொண்டே போனார்கள்.